பிக் பேர்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கனடாவில் இருக்கிறீர்கள். நாலரை வயது மகளுக்கு 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் உயரமான மஞ்சள் பறவை பிக் பேர்ட் என்றால் உயிர். போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் கரடி வேஷம் போட்டு வந்தவர், ஓரமாகப் போய்த் தலையைக் கழற்றித் தண்ணீர் குடித்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதிருக்கிறாள். அன்று இரவு படுக்கையில், "அம்மா, பிக் பேர்டுக்குள்ளயும் ஒரு அங்கிள் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் "தூங்கு, நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டீர்கள். இப்போது அந்த உடை எப்படி வேலை செய்கிறது, உள்ளே எத்தனை பேர் என்று இங்கே கேட்கிறீர்கள். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: உண்மையைச் சொன்னால் அவளுடைய பிக் பேர்ட் அவளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். பெரிய கேள்வி அதுதான் என்பதால் அதற்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 17 வருடமாகப் பள்ளிகளுக்குக் குழந்தைகள் நாடகம் கொண்டுபோகிறேன். கைப்பாவை செய்வேன், ஆள் உள்ளே நுழைந்து ஆட்டும் பெரிய பொம்மைகளும் செய்வேன். அவற்றுக்குள் நின்று மணிக்கணக்கில் வியர்த்தும் இருக்கிறேன். குழந்தை உளவியல் முறையாகப் படித்தவன் இல்லை. உங்கள் மகளை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே பொம்மையைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். குழந்தையின் மனதைப் பற்றிச் சொல்வதில் என் அனுபவம் எவ்வளவு, என் ஊகம் எவ்வளவு என்று அந்தந்த இடத்தில் பிரித்துக் காட்டுகிறேன்.

பிக் பேர்டுக்குள் இருப்பவர் ஒரே ஒருவர். உயரம் 8 அடி 2 அங்குலம் என்பதால், ஒருவர் தோளில் இன்னொருவர் நிற்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே நிற்பவர் தன் வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக்கொள்கிறார். பறவையின் கழுத்து அந்தக் கைதான், அலகு அவருடைய விரல்கள். சுண்டுவிரலில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது, கண் இமை அதனால்தான் அசைகிறது. தலை மட்டும் சுமார் 4 பவுண்டு, அதாவது 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பை அரிசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதை வாய் அசைத்துப் பேசவும் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடது கை இடது இறக்கைக்குள் போகிறது. வலது இறக்கைக்குக் கை மிச்சமில்லை, அதனால் அது வெறுமனே பஞ்சு அடைத்தது. அதிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு கழுத்துக்கு அடியில் உள்ள வளையம் வழியாக வந்து இடது மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கிறது. இடது கை கீழே இறங்கினால் வலது இறக்கை மேலே ஏறும். அடுத்த முறை பார்க்கும்போது வலது இறக்கையைக் கவனியுங்கள். அது தானாக எதையும் எடுக்காது, பிடிக்காது.

அப்புறம், உள்ளே இருப்பவர் வெளியே பார்ப்பது எப்படி? அவர் மார்பில் ஒரு குட்டி டிவி திரை கட்டியிருக்கும். கேமரா எதைப் பிடிக்கிறதோ அதுதான் அவருக்குத் தெரியும். அதாவது, நம் வீட்டில் நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவர் நடக்கிறார். கண்ணாடி போல இருக்காது. அவர் வலது பக்கம் நகர்ந்தால் திரையில் பறவை இடது பக்கம் போகும். என் குழுவில் புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்கிப் பார்த்திருக்கிறேன். முதல் சில நாள் சுவரில் மோதாதவர்கள் இல்லை. வசனத் தாளையும் உள்ளே ஒட்டி வைத்துக்கொள்வார்கள். சூடு அதிகம், வெளிச் சத்தம் சரியாகக் கேட்காது. வடிவத்தை வரைந்தவர் இந்த நிகழ்ச்சியின் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன், செய்தவர் கெர்மிட் லவ் என்ற கைவினைஞர். இறகுகள் வான்கோழி இறகுகள், மஞ்சள் சாயம் ஏற்றியவை. எத்தனை இறகு என்பதில் மட்டும் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். 4000 என்பது அடிக்கடி வரும் எண், அதைவிட அதிகம் என்பாரும் உண்டு. அதைத் தோராயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்தவர் கேரல் ஸ்பின்னி. 1933இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1969இல் யூட்டாவில் நடந்த ஒரு பொம்மலாட்ட விழாவில் அவர் நடத்திய காட்சி விளக்குக் கோளாறால் குழம்பிப்போனது. பார்த்துக்கொண்டிருந்த ஹென்சன் மேடைக்குப் பின்னால் வந்து, நீங்கள் செய்ய முயன்றது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லி வேலைக்கு அழைத்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தச் சம்பவம் மிகப் பிடித்தமானது. அன்று தொடங்கி 2018 வரை பிக் பேர்டும் ஸ்பின்னிதான், குப்பைத் தொட்டிக்குள் இருந்து எரிந்து விழும் ஆஸ்கரும் அவர்தான். 2015 வாக்கில் உடல் தள்ளாடத் தொடங்கியதும் பறவைக்குள் நுழைவதை மேட் வோகல் ஏற்றுக்கொண்டார். குரல் மட்டும் இன்னும் மூன்று வருடம் ஸ்பின்னியுடையதாக இருந்தது. 2019 டிசம்பரில் இறந்தார். உங்கள் மகள் இப்போது புதிதாகப் பார்க்கும் பகுதிகளில் இருப்பவர் வோகல்.

இந்தப் பறவை ஏன் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 'செசமி ஸ்ட்ரீட்' 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பானது. அதற்கு முன் ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனைப் பகுதிகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் சில நொடிக்கு ஒருமுறை வேறு படங்கள் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எப்போது டிவியை விட்டுக் கண்ணை எடுக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். பொம்மைகள் வரும்போது குழந்தைகள் அசையவில்லை. நிகழ்ச்சியின் கதை நடக்கும் தெருவில் மனிதர்கள் மட்டும் பேசும் காட்சி வந்தால் தலை திரும்பிவிட்டது. நிஜ மனிதர்களையும் பொம்மைகளையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால்தான் தெருவைப் பொம்மை இல்லாமல் எடுத்திருந்தார்கள். தயாரிப்பாளர்கள் அந்த ஆலோசனையை விட்டுவிட்டு, தெருவிலேயே நடமாடக்கூடிய பெரிய பொம்மையைக் கேட்டார்கள். அப்படித்தான் பிக் பேர்ட் வந்தது. குழந்தைகள் குழம்பிவிடவில்லை. பொம்மையும் மனிதரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை அவர்கள் சாதாரணமாக ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர்கள்தான் தேவைக்கு மேல் பயந்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் அது அசட்டுத்தனமான ஒரு பெரிய பறவை, அவ்வளவுதான். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போக ஆசைப்படுவது போல ஒரு காட்சி எழுதி வந்தபோது, இதை ஒரு குழந்தையாகவே நடித்துவிடுகிறேன் என்று ஸ்பின்னி கேட்டுக்கொண்டார். அப்போதிருந்து அதற்கு ஆறு வயது. என்னைக் கேட்டால் அந்தப் பாத்திரத்தின் வெற்றி முழுக்க இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. பெரியவர்களைவிட உயரம், ஆனால் செருப்பு தொலைந்த குழந்தையைப் போல முழிக்கும். ஆங்கில எழுத்து வரிசை முழுவதையும் ஒரே நீளமான வார்த்தை என்று நினைத்து, அதை உச்சரிக்கப் பார்க்கும். பார்க்கிற குழந்தைக்குச் சரியான விடை தெரியும். அந்த நிமிடம் குழந்தை வாத்தியார் ஆகிவிடுகிறது, பறவை மாணவன். எண்ணும் எழுத்தும் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் சங்கடம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பெரிய பெயரான ஃப்ரெட் ராஜர்ஸ், 1981இல் தன் நிகழ்ச்சிக்குப் பிக் பேர்டை அழைத்தார். உடைக்குள் தான் எப்படி இயங்குகிறார் என்று ஸ்பின்னி வெளியே வந்து காட்ட வேண்டும் என்பது ராஜர்ஸின் விருப்பம். பொம்மை வேஷங்களைப் பார்த்துச் சில குழந்தைகள் பயப்படுகிறார்கள், உள்ளே இருப்பது மனிதர்தான் என்று தெரிந்தால் பயம் போகும் என்ற அக்கறை அவருக்கு. ஸ்பின்னி மறுத்துவிட்டார். பிக் பேர்டைத் தோழனாக நினைக்கும் குழந்தைகளிடம் அதைப் பிரித்துக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில், ராஜர்ஸின் நிகழ்ச்சியில் கற்பனை உலகமாக வரும் பகுதியில் மட்டும் பிக் பேர்ட் வந்து போனது. குழந்தைகளுக்காகவே வாழ்ந்த இரண்டு பேர், ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில். இருவருமே சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர்கள் மனதில் இருந்தது வெவ்வேறு குழந்தைகள். கேட்காத குழந்தையை ஸ்பின்னி நினைத்தார், அதற்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பயந்துபோய்க் கேட்கிற குழந்தையை ராஜர்ஸ் நினைத்தார், அதனிடம் மறைக்கக் கூடாது. உங்கள் மகள் கேட்டுவிட்டாள்.

இதை இவ்வளவு தைரியமாகச் சொல்ல, பிக் பேர்ட் வழியாகவே அந்த நிகழ்ச்சி செய்த இரண்டு காரியங்கள் காரணம். தெருவில் கடை வைத்திருந்த மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம், வேறு நடிகரைப் போட்டிருக்கலாம். அவர்கள் குழந்தை மனநல அறிஞர்களிடம் கலந்து பேசிவிட்டு, இறந்துவிட்டார் என்றே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பர் 24, அமெரிக்காவின் நன்றி நாள் விடுமுறை. பெற்றோர் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்து ஒளிபரப்பினார்கள். பிக் பேர்ட் தெருவில் உள்ள பெரியவர்களை ஒவ்வொருவராக வரைந்துகொண்டு வந்து படங்களைக் கொடுக்கிறது. அந்தப் படங்களை நிஜமாகவே ஸ்பின்னிதான் வரைந்தார். கடைசிப் படம் ஹூப்பருடையது. அவர் எங்கே என்று கேட்கிறது. இறந்துவிட்டார், நினைவில்லையா என்கிறார்கள். ஆமாம், திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று மெதுவாகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி என்று அது கேட்கும்போது, அவர்களிடம் காரணம் இல்லை. இது இப்படித்தான், வேறொன்றும் இல்லை என்பதுதான் பதில். தூங்குகிறார் என்று சொல்லவில்லை, வயதாகிவிட்டது, நோய் வந்தது என்றும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தைகள் தூக்கத்துக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பயந்துவிடும் என்ற கவனம். ஒரு மஞ்சள் பறவை பொம்மையின் வாய் வழியாக அவ்வளவு பெரிய உண்மை சொல்லப்பட்டது. குழந்தைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

இரண்டாவது, ஸ்னஃபி என்ற யானை போன்ற பெரிய நண்பன். 1971 முதல் பிக் பேர்டின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். பெரியவர்கள் வருவதற்குள் போய்விடுவான், பிக் பேர்ட் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். இது வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றிய செய்திகள் அதிகம் வரத் தொடங்கியதும் தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள்: நீ சொல்வதைப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள் என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோமோ? 1985 நவம்பரில் எல்லாப் பெரியவர்களும் ஸ்னஃபியைப் பார்த்துவிடுவது போல ஒரு பகுதி எடுத்தார்கள். 14 வருடமாக ஓடிய ஒரு வேடிக்கையைக் குழந்தைகளுக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

இனி என் அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் யானைக்குள் நின்றேன். ஏப்ரல் மாதம், மின்விசிறி இல்லாத மேடை. காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து தலையைக் கழற்றினேன். நிமிர்ந்தால், யூகேஜி படிக்கிற ஒரு பையன் எதிரில் நிற்கிறான். அழவில்லை. என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த யானைத் தலையைப் பார்த்தான். "யானை எங்க?" என்று கேட்டான். "இதோ, கையில இருக்கு. நான் உள்ள இருந்து ஆட்டுறேன்" என்றேன். கிட்டே வந்து தலைக்குள் கையை விட்டுத் துழாவினான், ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பார்த்தான். அப்புறம், "போடுங்க" என்றான். போட்டுக்கொண்டேன். உடனே யானையின் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னான்: "உனக்குள்ள ஒரு மாமா இருக்காரு, தெரியுமா உனக்கு?"

அந்த நாளுக்குப் பிறகு, உண்மை தெரிந்தால் பொம்மை செத்துவிடும் என்று நான் நினைப்பதில்லை. அவனுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்திருந்தது. மாமாவும் இருக்கிறார், யானையும் இருக்கிறது, யானைக்கு மட்டும் அந்த விஷயம் தெரியாது. ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில் வருகின்றன. 1991இல் வெளியான ஒரு சோதனையில் நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காலிப் பெட்டியைக் காட்டி, இதற்குள் ஒரு பிராணி இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அது சும்மா கற்பனைதான் என்று பிள்ளைகள் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் அறையில் தனியே விட்டதும் அவர்களில் பலர் பெட்டி அருகே போய்ப் பார்த்தார்கள். தெரிவதும் நம்புவதும் அந்த வயதில் பக்கத்துப் பக்கத்து அறைகள், நடுவில் கதவு திறந்தே இருக்கிறது. இவ்வளவும் பொதுவாகச் சொல்லக்கூடியது. ஒரு குறிப்பிட்ட குழந்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை அந்தக் குழந்தையைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும், அதாவது நீங்கள்.

உங்கள் மகள் விழாவில் ஏன் அழுதாள் என்பதற்கு ஓர் ஊகம் வைத்திருக்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மனிதர் இருப்பது அவளை அழ வைத்திருக்காது. சிரித்துக்கொண்டிருந்த கரடியின் தலை சட்டென்று தனியாக வந்ததுதான் அழ வைத்திருக்கும். நாலரை வயதில் அது தலை துண்டான காட்சி. எங்கள் குழுவில் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறோம்: குழந்தையிடம் காட்டுவதாக இருந்தால் முதலில் கையுறையைக் கழற்றுவோம், அப்புறம் காலணி, தலை கடைசியில், அதுவும் குழந்தையைக் கேட்டுவிட்டு. அந்த வரிசையில் போனபோது இதுவரை ஒரு பிள்ளையும் அழுததில்லை.

ஆகவே நாளைக்கு அவள் மறுபடி கேட்டால், "ஆமாம், உள்ள ஒருத்தர் இருந்து பிக் பேர்டை ஆட்டுறார்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அடுத்த கேள்வி வந்தால் அதற்கு மட்டும் பதில். வராவிட்டால் நான் மேலே எழுதிய தூண்டில் நரம்பும் டிவி திரையும் இப்போது தேவையில்லை. "அப்ப பிக் பேர்ட் நிஜம் இல்லையா?" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் நாம் சொல்வதைவிட நல்ல பதிலாக வைத்திருப்பார்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: இல்லவே இல்லை, நிஜப் பறவைதான் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அவள் கண்ணால் பார்த்ததை நீங்கள் மறுத்தது போலாகும். ஸ்னஃபி விஷயத்தில் அந்த நிகழ்ச்சி திருத்திக்கொண்டதும் அதைத்தான்.

கடைசியில் சேலஞ்சர் விண்கலத்தில் பிக் பேர்ட் போக இருந்தது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். தன்னிடம் கேட்டார்கள் என்று ஸ்பின்னி சொல்லியிருக்கிறார். ஆரம்பப் பேச்சு நடந்தது, ஆனால் திட்டம் ஒப்புதல் வரை போகவில்லை என்று நாசா சொன்னது. இணையத்தில் சுற்றுவது போல, இருக்கை உறுதியாகி மயிரிழையில் தப்பினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தக் கதையை மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், 1986இல் அந்த விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

உடை எப்படி வேலை செய்கிறது என்று அவளே ஆர்வமாகக் கேட்டால் ஒரு விளையாட்டு செய்யுங்கள். இருவரும் எழுந்து நின்று வலது கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். கையில் ஒரு மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு விரல்களை அலகு போல் திறந்து மூடி, ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். முகத்தைப் பார்க்கக் கூடாது, காலுறைகள்தான் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தோள் வலிக்கத் தொடங்கும். அவள் கையை இறக்கியதும், எண்பது வயது தாண்டியும் ஒரு தாத்தா இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்று ஸ்பின்னியின் பெயரைச் சொல்லுங்கள்.